எலுமிச்சை விலை ஏறும் வாரம்

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ரதம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? எந்தச் சாலையை மூடுகிறார்கள்? காரை எங்கே நிறுத்தலாம்? கொமுட்டர் ரயில் விடிய விடிய ஓடுமா? பதில்களை ஒரு தாளில் எழுதி ஒலிபரப்பு மேசையில் ஒட்டி வைத்துவிடுவோம். திருவிழா முடிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வருசம் எத்தனை லட்சம் பேர்?

பத்துமலைக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள் என்று நாங்களும் செய்தியில் சொல்கிறோம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் தலையில் இருக்கும் பால்குடத்தை யார் விற்றார்கள், கழுத்து மாலையை யார் கட்டினார்கள், தோளில் ஏறிய காவடியை யார் முடுக்கினார்கள் என்று பேச வானொலியில் ஒன்றரை நிமிடம் கிடைத்தால் பெரிது. அதற்குள் விளம்பரம் வந்துவிடும். ஆகவே அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன். எழுதத் தூண்டியது ஓர் எலுமிச்சைப் பழம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் காய்கறிக் கடையில் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள். காவடியில் குத்த, வேலின் முனையில் செருக, வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்க என்று ஒரு குடும்பமே கிலோ கணக்கில் வாங்கும். அதே நாட்களில் சீனப் புத்தாண்டும் நெருங்கி வந்துவிட்டால் சந்தையில் பழம், பூ, வேலையாள், லாரி எல்லாவற்றுக்குமே இழுபறிதான்.

ஈயமும் வேலும்

"சாமி காரியத்தில் வியாபாரம் புகுந்துவிட்டது" என்று குறைப்பட்டுக்கொள்ளும் நேயர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களிடம் நான் மரியாதையோடு சொல்வது இதுதான்: அது புகவில்லை, முதலிலிருந்தே கூடவே இருக்கிறது.

பத்துமலையில் முருகனை வைத்தவர் தம்புசாமி பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தார். அந்த டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தபோது கூடவே வந்தார். அரசாங்கக் கருவூலத்தில் வேலை பார்த்தார், பிறகு ஈயச் சுரங்கத்தில் இறங்கினார். லோக் இயூவோடு தொழில் செய்தார், விக்டோரியா பள்ளி உருவானபோது அதன் முன்னோடிகளில் ஒருவராக நின்றார். குகையின் வாய் வேல் வடிவில் இருப்பதைக் கண்டு 1891-இல் அங்கே முருகனை எழுந்தருளச் செய்தார் என்பது நாம் எல்லாரும் அறிந்த கதை. மறு ஆண்டு, 1892-இல், அங்கு தைப்பூசம் தொடங்கியது. இன்றும் ரதம் புறப்படுவது அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்துதான். துன் எச்.எஸ். லீ சாலையிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர்.

பினாங்கிலும் அப்படித்தான். அங்கே வெள்ளி ரதத்தை ஓடவிட்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் கொண்டுவந்த ரதம் அது. வட்டிக்குக் கொடுத்து வாங்கி, சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் முதல் போட்டவர்கள், தங்கள் கணக்கில் முருகனுக்கும் ஒரு பங்கு எழுதிவைத்தார்கள். பினாங்கின் ஊர்வலம் அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

இதில் தோட்டத்து மக்களின் பங்கைப் பணத்தால் அளக்க முடியாது. என் அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தைப்பூசத்துக்கு லாரி கட்டிக்கொண்டு வருவார்களாம். லாரியின் பின்புறம் பாய் விரித்து, அண்டாவில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, பாட்டி மடியில் சில்லறை முடிந்து வைத்திருப்பாராம். அந்தச் சில்லறையில் ஒரு பகுதி உண்டியலுக்கு, ஒரு பகுதி மொட்டையடிக்க, மீதி பிள்ளைகளுக்கு வளையலும் ஊதுகுழலும். இன்று அந்தத் தோட்டம் இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அங்கிருந்து பிரிந்து போனவர்கள் கிள்ளான், ரவாங், ஷா ஆலம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் பலரை அப்பா ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது பத்துமலை அடிவாரத்தில்தான்.

இடுப்புப் பட்டையில் கூடுதல் ஓட்டை

கிள்ளானுக்கு வெளியே ஒரு தாமானில் காவடி கட்டும் அண்ணன் ஒருவரைப் பார்க்கப் போனேன். பகலில் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. தீபாவளி முடிந்த கையோடு வீட்டு முன்வாசலில் கார் நிற்க இடமிருக்காது. அலுமினியக் கம்பி, சங்கிலி, நட்டு, போல்ட்டு, பஞ்சு, பாலிஸ்டைரீன் துண்டுகள், மயிலிறகுக் கட்டு என்று பரவிக் கிடக்கும். ஒரு காவடியின் முழுப் பாரமும் இரண்டு இடத்தில்தான் நிற்கிறது என்று எனக்குக் காட்டினார். ஒன்று தோள், மற்றது இடுப்பு. தோளில் மட்டும் ஏற்றினால் பாதி வழியிலேயே கழுத்து மரத்துப் போகும். இடுப்புப் பட்டை சரியாக உட்கார்ந்தால் 272 படியையும் ஏறிவிடலாம்.

"அளவு எடுக்கிறது விரதத்துக்கு முன்னாடி. தூக்குறது விரதம் முடிஞ்சு. நாப்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாட்டுல ஆளு இளைச்சிடுவான், தங்கச்சி. அதனால பட்டையில எப்பவும் ரெண்டு ஓட்டை கூடப் போட்டு வைப்பேன்."

எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல் இது. இவர் தம் மாமனிடம் கற்றார். மாமன் மரத்தில் கட்டியவர், இவர் அலுமினியத்துக்கு மாறினார். பாலிடெக்னிக்கில் படித்த மூத்த மகன் கணினியில் வரைந்து, தகட்டை லேசரில் வெட்டி வாங்கி வருகிறான். பழைய தலைமுறையில் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். எனக்குப் பிடித்தது. மாமனின் மரக்காவடியை விட எடை குறைவு, முருகனின் முகம் திருத்தம், அதோடு மகன் தொழிலுக்குள் வந்துவிட்டான். மூன்றாவது காரணமே போதும்.

வாடகைக் காவடிக்குச் சில நூறு வெள்ளி. புதிதாகக் கட்டச் சொன்னால் அலங்காரத்தைப் பொறுத்து சில ஆயிரத்துக்குப் போகும். இது கொள்ளை என்று நினைப்பவர்கள், மூன்று மாதம் ஒவ்வோர் இரவும் ஒரு மனிதர் வாசலில் உட்கார்ந்திருப்பதை மணிக்கணக்கில் பெருக்கிப் பார்க்கலாம். நான் பெருக்கிப் பார்த்தேன். துரித உணவுக் கடையில் பகுதி நேர வேலை பார்க்கும் மாணவனின் சம்பளத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

பூவின் கதை வேறு. பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் அக்கா ஒருவர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. நம் மல்லிகை விமானத்தில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. தை மாதம் அங்கே பனிக்காலம். பனியில் மொட்டு வராது, வரத்து குறையும், விலை எகிறும். அதாவது நமக்கு மிக அதிகமாகப் பூ தேவைப்படும் நாளும், அங்கே மிகக் குறைவாகப் பூ பூக்கும் நாளும் ஒன்றே. ஆகவே அந்த வாரம் மாலையில் கேமரன் மலைச் செவ்வந்தி பெருகும், மல்லிகை சுருங்கும். வாங்குகிறவர் "என்னக்கா, மல்லியையே காணோம்?" என்று முகத்தைச் சுளிப்பார். அக்காவும் மூன்று உறவுக்காரப் பெண்களும் ரதம் புறப்படும் இரவு தூங்குவதே இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு இந்த நான்கைந்து நாள் கூலிதான் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் புத்தகப் பைக்கும்.

உறுமி மேளக் குழுக்களையும் சொல்ல வேண்டும். தாமானுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு சீருடைச் சட்டை. சத்தத்தைப் பற்றிப் புகார் உண்டு, நியாயமும் உண்டு. ஆனால் சனி ஞாயிறில் வேறெங்காவது சுற்றக்கூடிய பதினேழு வயதுப் பையன் ஆறு மாதம் ஒரு தோல் கருவியோடு உட்கார்ந்து தாளம் கற்கிறான் என்றால் அந்தச் சத்தத்தில் கொஞ்சத்தை நான் பொறுத்துக்கொள்வேன்.

ரதம் மட்டும் போன ஆண்டு

இவர்கள் எல்லாருக்கும் தைப்பூசம் என்பது என்ன என்று 2021 காட்டிக் கொடுத்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். காவடி இல்லை, பால்குடம் இல்லை, கடை இல்லை. வெள்ளி ரதம் மட்டும் அதிகாலை இருட்டில், குறைந்த ஆட்களோடு, வழியில் எங்கும் நிற்காமல் பத்துமலைக்குப் போனது. அன்று நான் நிலையத்தில் காலை நிகழ்ச்சியில் இருந்தேன். நேயர்கள் சன்னல் வழியே ரதத்தின் விளக்கை மட்டும் பார்த்ததாகக் குரல்பதிவு அனுப்பினார்கள். சிலர் அழுதார்கள்.

சமயத்தின் கணக்கில் முருகன் போய்ச் சேர்ந்துவிட்டார். வழிபாடு நின்றுபோகவில்லை. நின்றுபோனது மற்றதெல்லாம். 2022-லும் காவடிக்கு அனுமதி கிடைக்கவில்லை. காவடி அண்ணன் இரண்டு ஆண்டு சட்டங்களுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். மாலை கட்டும் அக்கா முகக்கவசம் தைத்து விற்றார். முறுக்கு, கச்சாங் பூத்தே வியாபாரிகளில் சிலர் தொழிலையே விட்டார்கள். 2023 பிப்ரவரி 5-இல் பழையபடி கூட்டம் திரும்பியபோது செய்தித்தாள்கள் மகிழ்ச்சியாகப் படம் போட்டன. திரும்பி வராத கடைக்காரர்களின் படத்தை யாரும் போட முடியாதல்லவா?

பெரிய தொகைகளைப் பற்றிப் பேசும்போது இது மறந்துபோகிறது. சுற்றுப்பயணிகளால் நாட்டுக்கு வருமானம், ஓட்டல் அறைகள் நிறைகின்றன, ரயில் ஓடுகிறது. எல்லாம் உண்மை. 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையும் 2018-இல் வண்ணம் பூசிய படிகளும் பத்துமலையை உலகத்தின் கைப்பேசிகளுக்குள் கொண்டுபோய்விட்டன. 2008 முதல் கோலாலம்பூரிலும் பொது விடுமுறை. ஆனால் ஓட்டல் அறை ஆண்டு முழுதும் நிரம்ப வழியுண்டு. காவடிக்கு அப்படியொரு வழி கிடையாது.

லாட்டுப் பணம்

அடிவாரத்துக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். பால்குடம், வேல், மஞ்சள் துணி, விபூதி விற்கும் கடை ஒன்று. அதற்கு அடுத்து கைப்பேசி உறை, படுக்கை விரிப்பு, கால் அமுக்கும் இயந்திரம், "எது எடுத்தாலும் பத்து வெள்ளி". எனக்கு அவற்றின் மேல் வெறுப்பில்லை. என் அக்காள் மகள் போன தைப்பூசத்தில் வாங்கிய ஒளிரும் மான் கொம்பை இன்னும் கழற்ற மறுக்கிறாள். திருவிழா என்றால் ராட்டினமும் வேண்டும்.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. கடைக்கு லாட் வாங்குவதில் இடைத்தரகர் புகுந்துவிட்டால், கை மாறக் கை மாற வாடகை ஏறும். ஏறிய வாடகையைக் கால் அமுக்கும் இயந்திரம் விற்பவர் தாங்கிக்கொள்வார். அவருடைய சரக்கு அடுத்த வாரம் வேறு சந்தையிலும் விற்கும். ஈப்போ புந்தோங்கில் ஒரு கம்பமே கச்சாங் பூத்தேவுக்குப் பெயர் பெற்றது. தலைமுறைகளாகக் கடலை வறுத்து, முறுக்கு சுட்டுப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒரு சிறு வியாபாரி முதல் நாள் முழுக்க விற்றாலும் லாட்டுப் பணம்தான் திரும்பும். மூன்றாம் நாள் மழை பெய்தால் எல்லாம் போச்சு. எனக்குத் தோன்றுவது: வழிபாட்டுப் பொருளும் கைத்தொழில் பண்டமும் விற்பவர்களுக்குத் தனி வரிசை, தனி வாடகை, பெயர் மாற்ற முடியாத அனுமதி. இது ஒன்றும் ராக்கெட் விடும் வேலையல்ல, ஒரு குலுக்கல் பெட்டியும் ஓர் அடையாள அட்டைப் பரிசோதனையும் போதும்.

கடைத்தெரு வேறு வழியிலும் மாறுகிறது. பால்குடச் சட்டியும் வேட்டி துண்டும் ஒரே பையில் போட்டு "முழு செட்" என்று டிக்டாக் நேரலையில் விற்கிறார்கள். அலுவலக மதிய உணவு இடைவேளையில் நானே ஒன்று முன்பதிவு செய்தேன். வசதிதான். விற்பவர் ரவாங்கில் தம் வீட்டு வரவேற்பறையிலிருந்து பேசும் ஓர் இளம் தாய். அவருக்கு லாட் தேவையில்லை, தரகரும் தேவையில்லை. அடிவாரத்துக் கடைக்காரர் இதைக் கேட்டால் முகம் சுருங்கும். இரண்டு பேருமே நம்மவர்கள். யாருக்காகப் பேசுவது என்று எனக்கே தடுமாற்றம்.

விலை இல்லாத சாப்பாடு

இவ்வளவு வியாபாரத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளிகூட வாங்காத கடைகள் நிற்கின்றன. தண்ணீர்ப் பந்தல். மோர், பானகம், சிராப், சுண்டல், தயிர்ச்சோறு, சுடச்சுடப் பொங்கல். வரிசையில் நிற்பவர் சீனரா, மலாய்க்காரரா, ஜெர்மனியிலிருந்து வந்த முதுகுப்பைக்காரரா என்று யாரும் பார்ப்பதில்லை.

இலவசம் என்றால் பணம் புரளவில்லை என்று நினைக்க வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவில் கணினித் துறையில் வேலை செய்யும் என் கல்லூரித் தோழிகள் ஏழெட்டுப் பேர் பந்தல் போடுகிறார்கள். அவர்களின் எக்செல் தாளை எனக்குக் காட்டினார்கள். அரிசி, பால், தயிர், எரிவாயு, கூடார வாடகை, காகிதக் குவளை, சமையல்கார அண்ணனுக்கும் உதவியாளருக்கும் சம்பளம். தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு மளிகைக் கடைக்கோ ஒரு கூலிக்காரருக்கோ போகிறது. நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலில் பாதிப் பேர் பத்துமலைக்கே வராதவர்கள். வேலைக்காகச் சிங்கப்பூரில் இருப்பவர்கள். அங்கே 1968-லிருந்து தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. லீவு கிடைக்காதவர்கள் இங்கே அரிசி மூட்டைக்குப் பணம் அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து தோழிகள் அனுப்பும் காணொளியைப் பார்க்கிறார்கள்.

பந்தல் கலையில் பினாங்கை யாரும் மிஞ்ச முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் இந்திய ஊழியர்கள் சேர்ந்து போடும் பந்தல்களைப் பார்த்தால் கண்காட்சி மாதிரி இருக்கும். தண்ணீர்மலைக்குப் போகும் சாலை முழுக்க விளக்கு. பினாங்கைச் சொல்லிவிட்டுத் தேங்காயைச் சொல்லாமல் விடக் கூடாது. ரதம் வரும் வழியில் தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். கடை நன்றாக ஓட வேண்டும், கடன் தீர வேண்டும், மகனுக்குப் படிப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் உடைப்பார்கள். ரதம் தாண்டியதும் இயந்திரம் வந்து ஓடுகளை அள்ளும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்கிறது: அடையாளத்துக்கு ஒன்றை உடையுங்கள், மீதிப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள். கேட்டவர்கள் சிலர்தான். 2024-இன் இறுதியில் தேங்காய்க்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, சங்கத்தின் பேச்சைக் கேட்காதவர்களும் கடைக்காரரின் பேச்சைக் கேட்டுக் குறைத்துக்கொண்டார்கள்.

2017 முதல் அங்கே தங்க ரதமும் ஓடுகிறது. தண்ணீர்மலை உச்சியில் இருக்கும், 513 படி ஏற வேண்டிய பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு உரியது. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் எது முந்தி, எது பிந்தி என்று முதலில் சர்ச்சை எழுந்தது. வழியில் பூ விற்கும் பாட்டி ஒருவரிடம் என் வானொலிக் கேள்வியை நீட்டினேன். "ரெண்டு ரதம்னா ரெண்டு தடவ மால விக்கும், போம்மா" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் அறுத்தார்.

மூன்றாம் நாள் மாலை வெள்ளி ரதம் பத்துமலையிலிருந்து தலைநகருக்குத் திரும்பும். அதற்குள் அடிவாரத்தில் தார்ப்பாய்களை அவிழ்க்கத் தொடங்கிவிடுவார்கள். போன முறை நேரலை முடிந்து ஒலிவாங்கியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரைப் பக்கம் கிள்ளான் காவடி அண்ணன் ஒரு சிறிய லாரியின் பின்னால் நின்றிருந்தார். வாடகைக் காவடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. மகன் மயிலிறகைக் கட்டுக் கட்டாகத் தனியே எடுத்து வைத்தான். அண்ணன் போல்ட்டுகளை ஒரு மைலோ டின்னில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வயது இருக்கும் ஒரு பையன், நெற்றியில் விபூதி கலையாமல், தோளில் சட்டத்தின் தடம் சிவந்திருக்க, நூறு வெள்ளி நோட்டு ஒன்றை நீட்டினான்.

"அண்ணே, அடுத்த வருசத்துக்கும் இதே காவடிதான். இப்பவே முன்பணம் வச்சுக்குங்க."

"அப்ப தீபாவளி முடிஞ்சதும் வா. இடுப்பு அளவு எடுக்கணும்."

"இந்த வருச அளவு இருக்குல்லண்ணே?"

"கல்யாணம் வச்சிருக்கேன்னு சொன்னியே. மாமியா வீட்டுச் சாப்பாடு. வா, புதுசா அளக்கலாம்."